செம்மணிப் பொருள்களை மண்டபத்திலும் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். யாழ்ப்பாணம் செம்மணியில், சித்துப்பாத்தி மயானத்துப் புதைகுழி பற்றி உங்கள் நாளிதழில் செய்தி வரும்போதெல்லாம் ஒன்று விடாமல் படிக்கிறேன். இன்று எத்தனை எலும்புக்கூடு, இதுவரை மொத்தம் எத்தனை என்பதோடு செய்தி முடிந்துவிடுகிறது. அந்த எலும்புகளுக்கு உறவுக்காரர்கள் சிலர் நம் மாவட்டத்திலேயே, மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில் இருக்கலாம் என்று யாரும் எழுதக் காணோம்.

நான் உச்சிப்புளியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தியவள். கம்ப்யூட்டர் வந்து மிஷின்களுக்கு உறை போட்ட பிறகும் முகாம்காரர்களுக்கு மனு அடித்துக் கொடுப்பது நிற்கவில்லை. பெயர்த் திருத்தம், வேறு முகாமுக்கு மாற்றல், பிள்ளைக்குக் கல்லூரியில் இடம். நடுவே ஒரு மனு, காணாமல் போன மகனைக் கண்டுபிடித்துத் தரும்படி. யாருக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது. செஞ்சிலுவைச் சங்கம் என்பார்கள், ஐ.நா. என்பார்கள், "எல்லாருக்கும் ஒண்டு போடுங்கோ பிள்ளை" என்பார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒரு ஆச்சி. வலிகாமம் பக்கத்துக்காரர். 1995 அக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது தென்மராட்சிக்குப் போய், 1996-இல் ராணுவம் முழுக் குடாநாட்டையும் பிடித்த பிறகு ஊர் திரும்பியவர். அந்த வருஷமே, சைக்கிளில் போன மகன் ராணுவச் சோதனைச் சாவடியை, அவர்கள் சொல்லும் சென்ட்ரியை, தாண்டி வரவில்லை. ராணுவ முகாம் வாசலில் போய்க் கேட்டதற்கு, அப்படி யாரையும் பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறகு மகள்களோடு மன்னார் வழியாகப் படகேறி அரிச்சல்முனையில் இறங்கினார். மனு அடிக்கும்போது, கண்ணால் கண்டது எது, பிறர் சொல்லக் கேட்டது எது என்று தனித்தனியாகக் கேட்பது என் வழக்கம். அடையாளம் ஏதாவது உண்டா என்று கேட்டேன். "சேட்டுக்கு உள்ளுக்கு ஒரு பொக்கற் வைச்சு நான்தான் தைச்சனான், ஐடென்டிக் காட் வைக்க. கறுப்பு நூல் முடிஞ்சு போச்சு, மஞ்சள் நூலாலதான் தைச்சனான்" என்றார். அந்தக் காலத்தில் அங்கே அடையாள அட்டை இல்லாமல் தெருமுனைக்குக்கூடப் போக முடியாதாம். தொலைந்துவிடக் கூடாதே என்று தாய்மார் இப்படி உள்பை வைத்துத் தைத்திருக்கிறார்கள்.

1996-இல் மட்டும் யாழ்ப்பாணத்தில் சுமார் 600 பேர் காணாமல் போனதாக ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் சொன்னது. பள்ளி மாணவி கிருசாந்தி கொலை வழக்கில் 1998-இல் தண்டனை பெற்ற சிப்பாய் சோமரத்ன ராஜபக்ச, செம்மணியில் முந்நூறு நானூறு உடல்கள் புதைக்கப்பட்டிருப்பதாக நீதிமன்றத்திலேயே சொன்னார். மறு வருஷம் தோண்டியதில் கிடைத்தவை 15 உடல்கள். பிறகு பேச்சே இல்லை. 2025 பிப்ரவரியில், அதே பகுதியில் மயானத்துக் கட்டுமான வேலைக்கு மண் வெட்டியபோது எலும்புகள் தட்டுப்பட்டன. இப்போது எண்ணிக்கை 200-ஐத் தாண்டிவிட்டது.

"அது சுடலைதானே, எலும்பு இருக்காதா" என்று கேட்பவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். குழியில் ஒரு குழந்தையின் எலும்புக்கூட்டோடு நீலப் புத்தகப் பையும் கிடைத்ததே, புத்தகப் பையோடா பிள்ளையைப் புதைப்பார்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது. ஆனால் கோபத்தால் வழக்கு நிற்காது. இறந்தது யார், எப்படி, யார் கையால் என்பதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். அதற்கு முதலில் ஒவ்வொரு எலும்புக்கும் ஒரு பெயர் வேண்டும்.

2025 ஆகஸ்ட் 5 அன்று, குழியில் கிடைத்த உடைகளையும் பொருள்களையும் உறவினர்கள் அடையாளம் காட்டட்டும் என்று நீதிமன்ற உத்தரவின்பேரில் செம்மணியில் வைத்தார்கள். நல்ல காரியம். ஆனால் மண்டபத்தில் இருப்பவர் எப்படிப் போவார்? கையில் பாஸ்போர்ட் கிடையாது. போனால் திரும்பி வரவும் வழியில்லை. ஆச்சியின் பேரன் செல்போனில் ஒரு படம் காட்டினான். அந்த நீலப் பை தெரிந்தது. சட்டையின் உள்தையல் எங்கே தெரியும்?

சாட்சி இருந்தும் நியாயம் கிடைக்காமல் போனதுண்டு. 1996-இல் திருகோணமலை மாவட்டம் குமாரபுரத்தில் 24 பேர் கொல்லப்பட்ட வழக்கில், இருபது வருஷம் கழித்துக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலையானார்கள். 2000 டிசம்பரில் யாழ்ப்பாண மாவட்டம் மிருசுவிலில், தங்கள் வீடுகளைப் பார்க்கப் போன எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள், அதில் ஒன்று ஐந்து வயதுக் குழந்தை. கண்ணைக் கட்டி அடித்தும் தப்பி ஓடிய ஒருவர் வந்து சொன்னதால்தான் அந்தக் குழியே தெரிந்தது. 2015-இல் ஒரு ராணுவ வீரருக்கு மரண தண்டனை, 2019-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. 2020 மார்ச்சில் ஜனாதிபதி கோத்தாபய பொதுமன்னிப்பு கொடுத்து வெளியே விட்டார். ஆளை விடலாம், தீர்ப்பில் எழுதியதை அழிக்க முடியவில்லை. ஒரு மனிதரின் வாக்குமூலத்துக்கு அவ்வளவு கனம்.

அதனால் தமிழக அரசையும் இலங்கைத் துணைத் தூதரகத்தையும் கேட்பது இதுதான். செம்மணிப் பொருள்களின் படங்களை மண்டபத்திலும் மாநிலத்தின் மற்ற முகாம்களிலும் காட்டுங்கள். முன்னும் பின்னும் மட்டும் எடுத்தால் போதாது, துணியை உட்புறம் திருப்பி, பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுக்க வேண்டும். பருத்தி மக்கியிருந்தாலும் டெரிகாட்டன் துணியும் நூலும் மிஞ்சியிருக்கும். அடையாளம் சொல்பவர்களிடம் மரபணு சோதனைக்கு இங்கேயே மாதிரி எடுத்து, யாழ்ப்பாணம் நீதிமன்றத்துக்கு முறைப்படி சேர்க்கலாம். வாக்குமூலம் வாங்குவதை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு ஏற்று நடத்தினால் நல்லது. மஃப்டியில் போலீஸ் நிற்கும் இடத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஊரில் இன்னும் சொந்தபந்தம் இருப்பவர்கள், பெயர் வெளியே வராது என்ற உறுதியையும் கேட்பார்கள்.

தட்டச்சுக்கு ஆள் இல்லை என்று இதைத் தள்ளிப்போட வேண்டாம். நான் வருகிறேன், கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
தட்டச்சு ஆசிரியை (ஓய்வு),
உச்சிப்புளி, ராமநாதபுரம் மாவட்டம்.