ஸ்காட்னியை இடித்தது போர் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் பயணக் கட்டுரையில், இங்கிலாந்தில் கென்ட் - சசெக்ஸ் எல்லையில் பியூல் ஆற்றுப் பள்ளத்தாக்கில் உள்ள ஸ்காட்னி என்ற பழைய அகழி சூழ்ந்த வீட்டின் படத்துக்குக் கீழே ‘போரில் இடிந்த கோட்டை’ என்று அச்சாகியிருந்தது. அது தவறு. அந்த வீட்டின் பெரும்பகுதியை அதன் உரிமையாளரே இடித்தார், அதுவும் அழகுக்காக.

1377-இல் பிரெஞ்சுக்காரர்கள் ரை துறைமுகத்தைச் சூறையாடினார்கள். கரையோரம் முழுக்க அச்சம் பரவியிருந்த அந்தச் சமயத்தில்தான் ரோஜர் ஆஷ்பர்ன்ஹாம் அகழிக்கு நடுவே மூலைக்கொரு வட்டக் கோபுரத்துடன் இந்த வீட்டை எழுப்பினார். இன்று முழுசாக நிற்பது ஒரே கோபுரம். அதன் மேல்விளிம்பு சுவரைவிட்டு வெளியே துருத்தி நிற்கும். கீழே நெருங்குபவர்கள் மீது கல் போடுவதற்கான அமைப்பு அது.

பின்னர் இது கத்தோலிக்கரான டாரல் குடும்பத்தின் வீடானது. கத்தோலிக்கப் பாதிரியார் இங்கிலாந்தில் இருப்பதே மரண தண்டனைக் குற்றமாக இருந்த காலத்தில், 1591 முதல் 1598 வரை ரிச்சர்ட் பிளவுன்ட் என்ற இயேசு சபைப் பாதிரியார் இங்கே மறைந்திருந்தார். கடைசிச் சோதனையின்போது அவருடைய இடைக்கயிற்றின் நுனி மறைவறைக் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது என்பார்கள். அன்றிரவு மதிலேறி அகழியில் குதித்துத் தப்பினார். அகழி அன்று காப்பாற்றியது உள்ளே இருந்தவரை அல்ல, வெளியேறியவரை!

இடிபாட்டுக்கு வருவோம். 1830-களில் அப்போதைய உரிமையாளர் எட்வர்ட் ஹஸ்ஸி, ஆன்டனி சால்வின் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு மேட்டில் புது வீடு கட்டத் தொடங்கினார். வேலை 1843-இல் முடிந்தது. அதற்கான மணற்கல்லைப் பழைய வீட்டுக்கு மேலுள்ள சரிவிலேயே வெட்டினார்கள். அந்தக் குழிதான் இன்றைய கல்குவாரித் தோட்டம். பிறகு பழைய வீட்டில் 17-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட பகுதியில் வேண்டியதை மட்டும் விட்டு மீதியைக் கலைத்தார்கள். புது வீட்டிலிருந்து பார்த்தால் சரிவு, குழி, அகழி, கோபுரம் என்று கண் வரிசையாக இறங்கும். இடிபாடு அந்தக் காட்சியின் கடைசிக் கட்டம்.

கூரையில்லாத சுவரைக் காப்பதுதான் இதில் கடினம். மழை சுவர்த்தலை வழியே உள்ளே இறங்கும். இடுக்கில் சிமென்ட் பூசினால் அந்த ஈரம் காரை வழியே வெளியேற முடியாமல் மென்மையான மணற்கல்லில் தங்கும். குளிரில் உறைந்து விரிந்து கல்லின் முகத்தைச் செதில் செதிலாக உரிக்கும். அங்கே சுண்ணாம்புக் காரையே சரி.

1970 முதல் இந்த இடம், பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் பிரிட்டனின் தேசிய அறக்கட்டளையின் (நேஷனல் டிரஸ்ட்) பொறுப்பில் இருக்கிறது. படக்குறிப்பைத் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி