மலைப்பயணம்: புறப்படும் முன் உறுப்பினர்களின் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம். வார இறுதியில் நாம் மேற்கொள்ளும் இரண்டு நாள் பயணத்தில், நகர நெரிசல் தொடங்கும் முன்பே வெளியேறி, வெளிச்சம் இருக்கும்போதே மலைப்பாதையைக் கடந்துவிட வேண்டும் என்பதால், சனிக்கிழமை அதிகாலை 5 மணிக்கு அனைவரும் ஆயத்தமாக இருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். சமவெளிக்குப் போடும் நேரக்கணக்கு மலைக்குப் பொருந்தாது. அங்கே தொலைவைவிட வளைவுகளே நேரத்தைத் தீர்மானிக்கின்றன.

வண்டி ஓட்டுபவர்களிடம் ஒன்றை மிகவும் வலியுறுத்த விரும்புகிறேன். இறங்கும்போது பிரேக்கை இடைவிடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும் என்பதால், தாழ்ந்த கியரிலேயே இறங்கி, வேகத்தை எஞ்சின் கட்டுப்படுத்துமாறு விடுங்கள். எரிபொருளை மிச்சப்படுத்த எண்ணி வண்டியை நியூட்ரலில் உருளவிடுவது உயிருக்கே ஆபத்து. குறுகிய இடங்களில் ஏறிவரும் வண்டிக்கு வழிவிடுங்கள். பனிமூட்டத்தில் முகப்பு விளக்கைத் தாழ்த்தியே வையுங்கள். உயர்த்தினால் ஒளி பனியில் பட்டுத் திரும்பி நம் கண்ணையே கூசச் செய்யும்.

உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை ஏறத்தாழ 6 டிகிரி செல்சியஸ் குறையும் என்பதால் கம்பளி உடை அவசியம். வளைவுகளில் குமட்டல் வரும் பெரியவர்கள் முன் இருக்கையைக் கேட்டுப் பெறத் தயங்க வேண்டாம். டயர், ஸ்டெப்னி, பிரேக் ஆகியவற்றின் சோதனையை வியாழக்கிழமைக்குள் முடித்து, இந்தக் குழுவிலேயே தெரிவியுங்கள்.