அரையாண்டுக் கடிதம்: பெற்றோர் கவனத்துக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு முடிந்துவிட்டது. விளையாட்டு விழா நன்றாக நடந்தது, அறிவியல் கண்காட்சிக்கும் நல்ல கூட்டம். உழைத்த அனைவருக்கும் பாராட்டுகள்.

இந்தப் பருவத்தில் நான் மிகவும் ரசித்தது பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடவேளை ஒன்றைத்தான். ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்', மூன்றாம் அங்கம், இரண்டாம் காட்சி. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். கொலையுண்ட சீசரின் உடலை வைத்துக்கொண்டு, அவருடைய நண்பன் ஆண்டனி ரோம் மக்களிடம் பேசுகிறான். கொன்றவர்களைக் குறை சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடுதான், கொன்றவர்களில் ஒருவனான புரூட்டஸ் அவனைப் பேசவிடுகிறான். ஆண்டனியும் வெளிப்படையாகக் குறை சொல்வதில்லை. சீசர் மூன்று முறை கிரீடத்தை மறுத்தார், ஏழைகள் அழுதபோது தானும் அழுதார் என்று சொல்லிக்கொண்டே போய், நடுநடுவே 'புரூட்டஸ் கண்ணியமானவர்' என்கிறான். நாலாவது தடவை கேட்கும்போது அது வசவாகவே காதில் விழுகிறது. சீசரின் உயிலைக் காட்டி, படிக்க மாட்டேன் என்கிறான். அங்கியைப் பிரித்து, இந்தக் கிழிசல் காஸ்கா குத்தியது, இது புரூட்டஸ் குத்தியது என்கிறான். ஒரு மாணவி எழுந்து, "மிஸ், குத்தும்போது இவர் அங்க இல்லையே?" என்றாள். எனக்கே அதுவரை தோன்றாத கேள்வி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சென்ற மாதம் பத்தாம் வகுப்புப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பதிவு. 'கணக்கு மிஸ் நல்லவங்கதான், நான் யாரையும் குறை சொல்லல' என்று தொடங்கி, விடைத்தாள் திருத்தியதில் பாரபட்சம் என்று முடிந்தது. 'ஸ்கிரீன்ஷாட் இருக்கு, இப்போ போட மாட்டேன்' என்று ஒரு வரி வேறு. இரவு 11 மணிக்குள் நூற்றுக்கு மேல் பதில்கள். மறுநாள் விடைத்தாளைப் பார்க்க வந்தவர் ஒருவர்கூட இல்லை.

நாடகத்தில் அடுத்த காட்சியில், ஆண்டனியின் பேச்சைக் கேட்டுக் கொதித்த கூட்டம் சின்னா என்ற கவிஞனைத் தெருவில் மடக்குகிறது. சதிகாரர்களில் ஒருவன் பெயரும் சின்னா. நான் அவனில்லை, கவிஞன் என்று கதறுகிறான். அப்படியானால் மோசமான கவிதைக்காகக் கிழியுங்கள் என்கிறார்கள். நம் குழுவில் கிளம்பிய கோபம், கணக்கு மிஸ்ஸின் அதே பெயருள்ள எட்டாம் வகுப்பு ஆசிரியையின் கைபேசிக்குப் போனது. அவர் பத்தாம் வகுப்புக்குப் பாடமே எடுப்பதில்லை.

பொதுத்தேர்வு ஆண்டின் பதற்றம் எனக்கும் தெரியும், என் வீட்டிலும் நடந்ததுதான். தாள்களை நாங்களே மறுபடி கூட்டிப் பார்த்தோம். இரண்டில் கூட்டல் பிழை இருந்தது, திருத்திவிட்டோம். அது எங்கள் தவறு. ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஆசிரியர்களின் சொந்த எண்ணுக்கு இரவில் அழைப்பதையும், பெயர் போட்டுக் குழுவில் எழுதுவதையும் பள்ளி இனி பொறுத்துக்கொள்ளாது. மீறுகிறவர்களிடம் எழுத்தில் விளக்கம் கேட்பேன். சனிக்கிழமை காலை 10 முதல் 12 மணி வரை விடைத்தாள்கள் என் அறையில் இருக்கும். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து பார்க்கலாம்.

மறுநாளே எட்டாம் வகுப்பு ஆசிரியையை நேரில் பார்த்து வருத்தம் தெரிவித்த இரண்டு பெற்றோருக்கும் நன்றி. அன்று இரவு அத்தனை பதில்களுக்கு நடுவே ஒரு அம்மா, 'முதல்ல பேப்பரைப் பார்ப்போமே' என்று எழுதியிருந்தார். யாரும் அதற்குப் பதில் போடவில்லை. அம்மா, உங்களுக்கும் நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியை