உதவியாளர் எடுத்த படத்துக்கு அவர் பெயர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருமண போட்டோகிராபிக்கு வர ஆசைப்படும் இளைஞர்களிடம் எல்லோரும் சொல்வது, "முதலில் ஒரு சீனியரிடம் உதவியாளராகச் சேர்ந்து கற்றுக்கொள்" என்பதுதான். சரியான யோசனை, நானும் அப்படி வந்தவன்தான். ஆனால் அந்த உதவியாளருக்கு நாம் என்ன கொடுக்கிறோம் என்று யாரும் பேசுவதில்லை. அனுபவம் கிடைக்கிறதே, அப்புறம் சம்பளம் எதற்கு என்று கேட்கும் ஸ்டுடியோக்கள் இன்னும் இருக்கின்றன.

உதவியாளர் என்றால் பை தூக்க மட்டும் வருகிறவர் இல்லை. மெயின் போட்டோகிராபர் மணமக்களை விட்டு நகர முடியாத நேரத்தில், ஓரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அப்பாவைப் படம் பிடிப்பது அவர்தான். அவர் அகலமாகக் காட்டும் 35 மி.மீ. லென்ஸோடு கூட்டத்துக்குள் நுழைவதால்தான் மெயின் போட்டோகிராபர் சற்றுத் தள்ளி நின்றே முகத்தை நெருக்கமாகக் காட்டும் 85 மி.மீ. லென்ஸைப் போட்டுக்கொண்டு முகங்களில் மட்டும் கவனம் வைக்க முடிகிறது. எல்இடி விளக்கால் படத்தில் பட்டை விழுகிறதா என்று பார்ப்பது, எல்லா கேமராவின் கடிகாரத்திலும் ஒரே நேரம் ஓடுகிறதா என்று சரிபார்ப்பது (இதை விட்டால் எடிட்டிங்கில் படங்களின் வரிசையே கலைந்துவிடும்), நிறைந்த மெமரி கார்டைப் பத்திரப்படுத்தி அன்றைக்கே இரண்டு இடத்தில் காப்பி எடுப்பது, இதெல்லாம் பெரும்பாலும் அவர் தலையில்தான். இதில் ஒன்று தவறினாலும் அந்த நாளை மறுபடி எடுக்க முடியாது. இவ்வளவு பொறுப்பைக் கொடுத்துவிட்டு சம்பளம் கிடையாது என்பது அநியாயம்.

பணத்தைவிடப் பெரிய விஷயம் பெயர். அமெரிக்காவில் மேத்யூ பிரேடி போர்ட்ரெய்ட் ஸ்டுடியோ நடத்திப் புகழ்பெற்றவர். 1862இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின் ஆன்டீட்டம் போர்க்களத்தை அவரிடம் வேலை செய்த அலெக்சாண்டர் கார்ட்னர் படம் எடுத்தார், ஆனால் கண்காட்சி நடந்தது பிரேடியின் பெயரில். அடுத்த ஆண்டே கார்ட்னர் தனி ஸ்டுடியோ தொடங்கிவிட்டார். 1866இல் அவர் வெளியிட்ட போர்ப்படத் தொகுப்பில் ஒவ்வொரு படத்துக்கும் நெகட்டிவ் எடுத்தவர் யார், பிரிண்ட் போட்டவர் யார் என்று பெயர் போட்டார். அன்றைக்கே முடிந்த காரியம் இது, இன்றைக்கு ஆன்லைனில் ஒரு வரி சேர்க்க நமக்கு என்ன கஷ்டம்?

போர்ட்ஃபோலியோ, அதாவது தான் எடுத்த படங்களின் தொகுப்பு, இல்லாமல் புதியவரை நம்பி யாரும் கல்யாண வேலை தரமாட்டார்கள். தான் எடுத்த படத்தையே காட்டக்கூடாது என்று தடுத்தால் அவர் கடைசிவரை உதவியாளராகவே இருக்க வேண்டியதுதான். சீனியர்களின் பயமும் எனக்குப் புரிகிறது, கஸ்டமரை இழுத்துக்கொண்டு போய்விடுவாரோ என்கிற கவலை வீண் கவலை இல்லை. அதற்கு வழி, வேலைக்கு முன்பே ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவது: சம்பளம் எவ்வளவு, எந்தப் படங்களை எப்போதிலிருந்து காட்டலாம், எந்த ஸ்டுடியோவுக்காக எடுத்தது என்ற குறிப்பு, அந்தக் கஸ்டமரை நேரடியாக அணுகக்கூடாது என்ற நிபந்தனை, மணமக்களின் சம்மதம். இவ்வளவு போதும்.

போட்டோகிராபரை புக் செய்யும் குடும்பங்களையும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எத்தனை கேமரா வரும் என்று விசாரிக்கிறீர்கள், கூட வருகிறவர்கள் யார், அவர்களுக்குச் சம்பளம் உண்டா என்றும் சேர்த்துக் கேளுங்கள். நாங்கள் ஒருவரை ஒருவர் கேட்டால் மழுப்பிவிடுவோம், நீங்கள் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

இப்படிக்கு,
ஒரு திருமண போட்டோகிராபர்