சிக்கலான வேலையை முதல் ஸ்பிரிண்டிலேயே கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரையில் கடைக்காரர்களும் சிறுதொழில் நடத்துவோரும் தங்களுக்கென்றே மென்பொருள் எழுதி வாங்குகிறார்கள். 'அஜைல் முறையில் செய்கிறோம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காட்டுவோம்' என்று செய்து தருபவர்கள் சொல்கிறார்கள். வேலையைச் சிறு சுற்றுகளாகப் பிரித்துச் செய்வது அஜைல்; அந்த ஒவ்வொரு சுற்றும் ஒரு 'ஸ்பிரிண்ட்'. நல்ல முறைதான். ஆனால் எதைக் காட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் போட்ட பணம் தப்பும்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்கு பில் போடும் மென்பொருள் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஸ்பிரிண்டில் லாகின் பக்கமும் வண்ணத் திரைகளும் வந்துவிடும். அவை வருமா என்ற சந்தேகம் யாருக்கும் இருந்ததில்லை. சந்தேகத்துக்குரியவை வேறு. எலக்ட்ரானிக் தராசு எடையைக் கணினிக்கு எந்த வடிவில் அனுப்புகிறது? நெட் நின்றால் பில்லும் நிற்குமா? தெர்மல் பிரிண்டர் தமிழை அச்சிடுமா? விலை குறைந்த பிரிண்டர்கள் பலவற்றில் தமிழ் எழுத்துரு கிடையாது. எழுத்தைப் படமாக மாற்றி அனுப்ப வேண்டும். அப்போது பில் மெதுவாக வரும். விவசாயிகள் பூவோடு காத்து நிற்கும் விடியற்காலையில் இது தெரியவந்தால், கடைக்காரர் மறுநாளே பழைய சீட்டுப் புத்தகத்துக்குத் திரும்பிவிடுவார்.

ஆகவே முதல் ஸ்பிரிண்டில் தராசிலிருந்து எடை வந்து, கமிஷன் கழிந்து, கடையில் உள்ள அதே பிரிண்டரில் தமிழில் ஒரு பில் வெளிவர வேண்டும். திரை அழகில்லாமல் இருந்தால் போகட்டும். விடை தெரியாத கேள்விக்கு ஓரிரு நாள் ஒதுக்கி, சோதனை நிரல் எழுதிப் பார்ப்பதை 'ஸ்பைக்' என்பார்கள். விடை தெரிந்ததும் அந்த நிரலைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். தூக்கிப் போடும் வேலைக்குக் கூலியா என்று உரிமையாளர்கள் தயங்குகிறார்கள். தயங்கவே வேண்டாம்.

அபாயப் பட்டியலுக்கு ஒரு தாள் போதும். என்ன கெடலாம், வாய்ப்பு எவ்வளவு, கெட்டால் எத்தனை நாள் வேலை, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்று எழுதுங்கள். தராசு இணையாமல் போக 40 சதவீத வாய்ப்பு, போனால் 10 நாள் வேலை என்றால், அந்த வரிக்கு 10-ல் 40 சதவீதம், அதாவது 4 நாள். எல்லா வரிகளின் கூட்டுத்தொகையையும் ஒவ்வொரு ஸ்பிரிண்ட் முடிவிலும் பாருங்கள். தொடர்ந்து இரண்டு ஸ்பிரிண்டில் அது இறங்கவில்லை, புது அபாயமும் சேரவில்லை என்றால், சுலபமான வேலைகள் மட்டுமே நடக்கின்றன என்று அர்த்தம். பல குழுக்களில் இந்தத் தாள் முதல் நாள் எழுதியதோடு சரி. தினமும் நடக்கும் 15 நிமிடக் கூட்டத்தில் யாரும் அதை எடுப்பதில்லை.

வெளியிலிருந்து வரும் மாற்றமும் அபாயம்தான். 2025 செப்டம்பர் 3-ல் அறிவித்த ஜிஎஸ்டி மாற்றம் 22-ம் தேதி அமலுக்கு வந்தது. ஆயத்த ஆடைக்கு 5 சதவீத வரிக்கான விலை வரம்பு 1,000 ரூபாயிலிருந்து 2,500 ஆனது. அதற்கு மேல் 12 சதவீதமாக இருந்த வரி 18 ஆனது. வரியையும் வரம்பையும் அமல் தேதியோடு அட்டவணையில் வைத்திருந்தால் அதில் ஒரு வரிசை சேர்த்தாலே போதும். நிரலுக்குள் எண்ணாக எழுதியிருந்தால் ஒவ்வொரு இடமாகத் தேட வேண்டும். தேடி மாற்றிய பிறகும், 22-க்கு முன் விற்ற சட்டை திரும்பி வந்தால் பழைய வரியில் கணக்குப் போட அந்த மென்பொருளுக்குத் தெரியாது.

எழுதிய இளைஞர் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விடுவது இங்கே சாதாரணம். ஒவ்வொரு பகுதியும் இருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். நிரல், சர்வர், டொமைன் (இணைய முகவரி) மூன்றின் கணக்கும் உரிமையாளர் பெயரில் இருக்க வேண்டும். பேக்கப் எடுக்கிறோம் என்றால், அதை வேறொரு கணினியில் மீட்டுத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

தமிழ்நாடு தொழில் வர்த்தக சங்கம், மதுரை மாவட்டச் சிறுதொழில் சங்கமான மடீட்சியா போன்ற அமைப்புகள் இதற்கென ஒரு மாதிரி ஒப்பந்தத்தைத் தமிழில் தயாரித்துத் தரலாம். சொந்தக் கடையில் சொந்தச் சரக்குக்கு முதல் பில் வந்த பிறகே முதல் தவணை என்ற விதி அதில் வேண்டும். எந்த ஸ்பிரிண்ட் முடிவிலும் அதுவரையான வேலைக்குக் கணக்குத் தீர்த்து நிறுத்திக்கொள்ளும் உரிமை இரு தரப்புக்கும் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
மென்பொருள் பொறியாளர்கள் சிலர்,
இலந்தைக்குளம், மதுரை.