கோழிக்கூண்டு வலை மாதிரி ஒரு குழாய்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். சுங்கை சிப்புட் பக்கத்து தோட்டத்துலேருந்து எழுதுறேன். படிவம் ஆறு படிக்கிற மகதான் கார்பன் நானோகுழாய்னு, அதாவது கார்பன் அணுக்களால ஆன, கண்ணுக்கே தெரியாத குட்டிக் குழாய பத்தி பேச்ச ஆரம்பிச்சா, அப்புறம் நானும் போன்ல தேடிப் படிச்சு ராத்திரி தூக்கமே போச்சு.

1991ல ஜப்பான்ல சுமியோ இஜிமாங்கிறவரு, கார்பன் தண்டுங்களுக்கு நடுவுல மின்சாரத்த வில் மாதிரி எரியவிட்டதுல படிஞ்ச கரிய மைக்ராஸ்கோப்புல பார்த்தாரு, உள்ள குழாய் குழாயா இருந்துச்சு. நம்ம லயத்துல கோழிக்கூண்டுக்கு அடிக்கிற அறுகோண கம்பிவலை இருக்குல்ல, அதையே சுருட்டி விட்ட மாதிரி, ஆனா தலைமுடியோட பருமன்ல பல்லாயிரத்துல ஒரு பங்குதான். எடைக்கு எடை பார்த்தா எஃக விட பல மடங்கு பலமாம், மின்சாரமும் நல்லா பாயுமாம், அதான் லித்தியம் பேட்டரியில கலக்குறாங்க. நம்ம மலேசிய ஆராய்ச்சியாளருங்க செம்பனை எண்ணெயிலேருந்தே இத செஞ்சு காட்டியிருக்காங்க, பலகாரம் பொரிச்சு மிஞ்சின எண்ணெயிலேருந்தும் கூட. குலை வெட்டுற ஊர்ல இது எத்தன பேருக்குத் தெரியும்?

ஒரு பயமும் இருக்கு. மூச்சுல போனா நுரையீரலுக்கு ஆபத்துன்னு எலிகள வெச்சு பார்த்திருக்காங்க, 2014ல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதுல ஒரு வகைய 'புற்றுநோய் வரலாம்'ங்கிற பட்டியல்ல சேர்த்துச்சு. எங்கம்மா மூக்குல பழைய கைலித் துணிய கட்டிக்கிட்டு தோட்டத்துல மருந்து அடிச்சவங்க, அதனால எனக்கு அந்த வரிதான் மொதல்ல கண்ணுல பட்டுச்சு.

உங்க ஞாயிறு மலர்ல ராசிபலனுக்கு ஒரு முழுப் பக்கம் குடுக்குறீங்க, இதுக்கு அரைப் பக்கமாவது குடுங்க ஐயா.

இப்படிக்கு,
தோட்டத்து வாசகன், சுங்கை சிப்புட்