ஜமீன்தாருக்கு ஒரு பைப்

மிலான்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ஜமீன்தாருக்கு,

நலம். நலமறிய ஆவல் என்று எழுத மாட்டேன். உன் நலத்தைத் தங்கச்சி வாரம் தவறாமல் என் வீட்டுக்காரிக்கு வாட்ஸப்பில் வாசித்துவிடுகிறாள். வாக்கிங் போகிறேன் என்று கிளம்பி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வருவதெல்லாம் இத்தாலி வரை தெரியும். இங்கே பேரன் சௌக்கியம். குளிர்தான் முட்டியைப் பிடிக்கிறது. சாம்பாருக்கு முருங்கைக்காய் கிடைக்காத குறையை இவள் தனியாக எழுதுவாள்.

விஷயம் இதுதான். உனக்குப் புகை பிடிக்கிற பைப் ஒன்று வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். கத்தாதே, முழுசாகப் படி. இந்தக் காகிதம் தங்கச்சி கண்ணில் படாமல் பார்த்துக்கொள்.

பையனோடு வேலை பார்க்கிற ஒருவருக்குச் சொந்த ஊர் கான்டூ. மிலானுக்கு வடக்கே, கோமோ ஏரிக்குப் போகிற பக்கம். மேசை நாற்காலி செய்து பேர் வாங்கிய ஊர். அங்கே அவர் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். சாப்பாடு முடிந்ததும் கண்ணாடி அலமாரியைத் திறந்து, அவர் அப்பா சேர்த்து வைத்த பைப்புகளை ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்தார். நான் சினிமாவில் கவுன் போட்டுக்கொண்டு படிக்கட்டில் இறங்கி வரும் பணக்கார அப்பாவின் வாயில்தான் பைப்பைப் பார்த்தவன். அப்புறம் உன் வாயில், ஆண்டுவிழா நாடக மேடையில் நீ ஜமீன்தாராக வந்தபோது. அதைப் பற்றி இப்போது வேண்டாம்.

மரம் எது என்கிறாய்? தேக்கும் இல்லை, ஈட்டியும் இல்லை. மத்தியதரைக் கடலோர மலைச்சரிவில் வளர்கிற, வெள்ளையாய்ப் பொடிப்பூ பூக்கிற ஒரு புதர். பிரையர் என்கிறார்கள். அதன் அடித்தண்டும் வேரும் சேருகிற இடத்தில், மண்ணுக்குள் ஒரு முண்டு திரளும். உருப்படியான அளவுக்கு வர முப்பது நாற்பது வருஷமாவது ஆகும். டஸ்கனியிலும் கலாப்ரியாவிலும் அதைத் தோண்டி எடுத்து, காய்ந்து வெடிக்காமல் ஈரத்திலேயே வைத்திருந்து, துண்டு போட்டு, அண்டாவில் மணிக்கணக்காக வேகவைக்கிறார்கள். உள்ளே இருக்கிற கசப்பும் சாறும் இறங்க வேண்டுமாம். பிறகு மாதக்கணக்கில் நிழலில் உலர்த்தல். நல்ல பட்டறைக்காரர்கள் அதற்கு மேலும் வருஷக்கணக்கில் போட்டு வைப்பார்கள். நெருப்பை உள்ளே வைத்துக்கொண்டு தான் எரியாமல் இருக்க வேண்டிய மரம் அல்லவா!

இனிமேல்தான் ருசியான இடம். அந்த முண்டில் ரேகை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக விரிந்து ஓடும். அந்த ஓட்டத்தை மதித்துக் கட்டையைத் திருப்பி வைத்துச் செதுக்கினால், புகையிலை போடுகிற கிண்ணத்தின் சுற்றுப்புறம் முழுக்க ரேகை அடியிலிருந்து விளிம்பு வரை நெட்டுக்குத்தாக எழும்பும். அப்போது விளிம்பின் மேலே என்ன தெரியும் சொல்? அதே நாரின் வெட்டுமுனை. கசகசா தூவியது போலப் பொடிப்பொடிக் கண்கள். கட்டையைக் குறுக்கே திருப்பினால் கண்கள் இரண்டு கன்னத்துக்கும் வந்துவிடும், முன்னும் பின்னும் குறுக்கு வரிகள் ஓடும். உளி வைக்கும் முன்பே பாதி வேலை முடிந்துவிடுகிறது என்று அவர் சொன்னபோது, கையில் இருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நான் எந்தப் பக்கம் பார்த்தாலும் ரேகை என்னை விளிம்புக்கே கூட்டிக்கொண்டு போனது. தண்டு வளைகிற இடத்தில் செய்தவன் மரத்தோடு கொஞ்சம் பேரம் பேசியிருக்கிறான், அதுவும் தெரிந்தது.

ஆனால் ஒன்று. சுத்தமான நெட்டு ரேகைக்கு இவர்கள் வைக்கிற விலை அநியாயம். புகைக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை, கண்ணுக்குத்தான். என் ஓட்டு வேறே பைப்புக்கு. இதே கான்டூவில் 1940-களில் கார்லோ ஸ்கொட்டி என்பவர் காஸ்டெல்லோ பட்டறையைத் தொடங்கினார். அவருக்குப் பின் மருமகன் பிராங்கோ கோப்போ பார்த்துக்கொண்டார். அவர்களுடைய 'சீ ராக்' வகையைப் பார்க்க வேண்டுமே! மேலெல்லாம் கையால் கொத்திக் கொத்திக் கரடாக்கியிருப்பார்கள். கட்டையைக் குடையும்போது திடீரென்று உள்ளே மணல்குழி தட்டுப்படும். மட்டமான பைப் என்றால் மக்கு வைத்து அடைத்து வர்ணம் பூசிவிடுவான். கொத்துவேலையும் பல இடத்தில் அப்படிக் குறை மறைக்க வந்ததுதான். இவர்கள் கொத்தினதோ பார்க்கிறவன் கை தானாக நீளும்படி இருக்கிறது. அதைக் கீழே வைக்க எனக்கு மனசே வரவில்லை.

காஸ்டெல்லோவில் வேலை பார்த்த அஸ்கோர்ட்டியும் ராடிச்சேயும் பக்கத்து ஊரில் 1968-இல் காமினெட்டோ என்று தனியாக ஆரம்பித்தார்கள். அதன் முத்திரை என்ன தெரியுமா, மீசை! உனக்கென்றே செய்தது. இது மேடையில் கழன்றும் விழாது.

கிழக்குக் கரையில் பெசரோ என்று ஒரு ஊர், அங்கே கதை வேறு. ஜான்கார்லோ குயிதி 1972-இல் மாஸ்த்ரோ தே பாயாவைத் தொடங்கி, பத்து வருஷத்தில் அதை விட்டு வந்து செர் யாக்கோப்போ ஆரம்பித்தார். பெரிய பெரிய கிண்ணம், விளையாட்டுப் புத்தி. வான் கோ 1888-இல் தன் நாற்காலியை வரைந்து அதன் மேல் ஒரு பைப்பைப் போட்டு வைத்தாரே, அப்படி ஓவியங்களில் இருக்கிற பைப்புகளைப் பார்த்து மரத்தில் செய்து ஒரு வரிசையே விட்டார். அந்த அலமாரியில் ஒன்று இருந்தது. எனக்குக் கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனமாகப் பட்டது. உனக்குப் பிடிக்கும்.

"நீங்கள் பிடிப்பீர்களா?" என்று அவரைக் கேட்டேன். இல்லை என்றார். அப்பா தொண்டையில் வந்துதான் போனாராம். பைப்காரர்கள் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, அதனால் ஒன்றும் செய்யாது என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தாராம்.

அதைக் கேட்டதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை, மாப்ளே. போன வருஷம் அந்த ஐ.சி.யு. வாசலில் தங்கச்சி உன் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நீ அதைப் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். அப்படிப்பட்ட உன் கையில் இதைக் கொண்டுவந்து கொடுப்பது தோழமையா துரோகமா என்று எனக்கே பிடிபடவில்லை. இத்தனை அழகாக ஒன்றைச் செய்து அதற்குள் போடுவது புகையிலையாக இருக்க வேண்டுமா என்று எரிச்சலும் வருகிறது.

புதிது வாங்கினால் சில நூறு யூரோ, உன் பென்ஷன் கிழிந்துவிடும். ஆனால் வாங்கி ஒரு முறைகூடப் பற்றவைக்காத பைப்புகள் இரண்டாம் கையில் கிடைக்கின்றனவாம். அப்படி ஒன்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து விரலால் தடவிக்கொண்டிரு. வாயில் வைத்து பேரப்பிள்ளைகளுக்கு அந்த வசனத்தையும் பேசிக்காட்டு, இருமல் இல்லாமல். வீட்டில் தீப்பெட்டி சமையலறையைத் தாண்டியது என்று சேதி வந்தால், நேரே வந்து பிடுங்கிக்கொண்டு போவேன்.

இருக்கட்டும். பார்த்தால் உனக்குச் சபலம் தட்டும் என்று துளி சந்தேகம் இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடு, ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன். ஆலிவ் எண்ணெயோடு வந்து சேருகிறேன். வேண்டும் என்றால் வளைந்ததா நேரானதா என்று மட்டும் எழுது. போனில் சொல்லாதே, இவள் ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள்.

உன்,
வக்கீல் குமாஸ்தா